எண்ணெய் மிச்சம் சரி... என் நேரம் மிச்சமா?

இப்போதெல்லாம் கிரகப்பிரவேசம், கல்யாண நாள், தீபாவளிச் சீர் எதுவானாலும் ஏர் ப்ரையர் என்கிற மிஷின்தான் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்குகிறது. ஒரு காலத்தில் சுவர்க் கடிகாரம், அப்புறம் ஹாட் பாக்ஸ், இப்போ இது! எங்கள் வீட்டுக்கும் போன வருஷம் தீபாவளிக்கு என் கொழுந்தன் சென்னையிலிருந்து வரும்போது ஒன்று வாங்கி வந்தார். "மதினி, இனிமே உங்களுக்கு எண்ணெய்ச் சட்டியே வேண்டாம்" என்றார். எண்ணெயில் முக்கிப் பொரிக்கிற பரோட்டாவுக்குப் பேர் போன விருதுநகரில் இருந்துகொண்டு, எண்ணெய் இல்லாத பலகாரம் பத்தி எழுத வந்துட்டாளே என்று சிரிக்காதீர்கள். ஏறக்குறைய ஒரு வருஷமாக வாரா வாரம் அதில் சோமாசி போட்டு எடுக்கிறவள் என்ற முறையில் சொல்ல எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதலில், பேரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். இது பொரிக்கிற சாதனமே இல்லை. மேலே கம்பிச்சுருள் காயும், அதோடு ஒரு விசிறி சுழலும். சூடான காற்று ஓட்டைக் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து பண்டத்தை வேக வைக்கும். பள்ளிக்கூடத்தில் வெப்பச்சலனம் என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதேதான்! பேக்கரிக்காரர் வைத்திருக்கும் அவனைச் சின்னதாக்கி, உள்ளே விசிறி மாட்டியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிலிப்ஸ் கம்பெனி 2010-ல் பெர்லின் கண்காட்சியில் இதைக் கொண்டு வந்தபோது வைத்த பேர் உலகம் பூராவும் ஒட்டிக்கொண்டது. 'காற்று அடுப்பு' என்று வைத்திருந்தால் நம்மூரில் பாதிக் குழப்பம் வந்திருக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடுப்பு என்று தெரிந்துவிட்டால் எது வரும், எது வராது என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். பேக்கரியில் வேகிற பப்ஸ், பிஸ்கட், பன் வகையறா எல்லாம் இதில் வரும். கரைத்த மாவில் முக்கி எண்ணெயில் போடுகிற எதுவும் வராது. எங்கள் எதிர் வீட்டு அக்கா சுசியத்தை மாவில் முக்கிக் கூடையில் வைத்துவிட்டு, மாவு பூராவும் ஓட்டை வழியாக ஒழுகி, அடித்தட்டில் ஆப்பம் மாதிரி ஒட்டிக்கொண்டது என்று மிஷினையே திட்டித் தீர்த்தார். மிஷின் என்ன செய்யும், பாவம்! கொதிக்கிற எண்ணெய் என்றால் மாவு விழுந்த நொடியிலேயே சுற்றிலும் பிடித்து இறுக்கிவிடும். காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. முந்திரிக்கொத்துக்கும் இதே கதிதான். அதிரசத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சோமாசி மட்டும் இதற்கென்றே பிறந்தது மாதிரி! மேல்மாவு கெட்டி, உள்ளே பூரணம் காய்ந்த பொடி, ஓரம் மூடியிருக்கும். பப்ஸுக்கு இருக்கிற மாதிரி வெண்ணெய் தடவி மடித்து, மறுபடி மடித்துப் பதமாக வைக்கிற வேலை இதில் இல்லை. வடக்கே குஜியா என்றும், மராட்டியர்கள் கரஞ்சி என்றும், தெலுங்குக்காரர்கள் கஜ்ஜிக்காய என்றும் சொல்வதும் ஏறக்குறைய இதே பண்டம்தான். பூரணம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மைதா 150 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. இதில் உருக்கிய நெய் மூன்று மேஜைக்கரண்டி விட்டு விரல் நுனியால் நன்றாகப் பிசறணும். ஒரு கை அள்ளிப் பிடித்தால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். எண்ணெயில் போடுகிற சோமாசிக்கு இவ்வளவு நெய் தேவைப்படாது, ஏனென்றால் வேகும்போது எண்ணெயே அதை மொறுமொறுப்பாக்கிவிடும். காற்றில் வேகிறதுக்கு அந்தக் கொழுப்பை நாம் மாவிலேயே வைத்து அனுப்பணும். இங்கே நெய்யில் கஞ்சத்தனம் பண்ணினால் கிடைப்பது சோமாசி அல்ல, காய்ந்த சப்பாத்தி! அப்புறம் ஆறின பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பூரி மாவை விடச் சற்று கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு இருபது நிமிஷம் மூடி வையுங்கள்.

அந்த இருபது நிமிஷத்தில் பூரணம். பொட்டுக்கடலை 50 கிராம், சர்க்கரை 75 கிராம், ஏலக்காய் மூன்று எல்லாவற்றையும் மிக்சியில் பொடியாக்கி, துருவின கொப்பரை 25 கிராமும், வறுத்த கசகசா ஒரு ஸ்பூனும் கலந்தால் முடிந்தது. பச்சைத் தேங்காய், வெல்லப்பாகு எல்லாம் இதற்கு வேண்டாம். ஈரம் உள்ளே இருந்தால் சூட்டில் ஆவியாகி ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கசிகிற வெல்லம் கூடையில் கருகி ஒட்டினால் தேய்ப்பது யார்? நாம்தானே!

மாவைப் பதினைந்து உருண்டையாக்கி மெல்லிசாகத் தேய்த்து, நடுவில் இரண்டு சின்ன ஸ்பூன் பூரணம் மட்டும் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு மடித்து, முள்கரண்டியால் அழுத்துங்கள். சோமாசிக் கரண்டி இருந்தால் அதால் வெட்டலாம், ஆனாலும் ஒரு தரம் விரலால் ஓரத்தை அழுத்திவிடுவது நல்லது. மேலே முள்கரண்டியால் ஒரே ஒரு குத்து, ஆவி போக. மிஷினை 170 டிகிரியில் மூன்று நிமிஷம் காய வையுங்கள். சோமாசியின் மேல் லேசாக நெய்யோ பாலோ தடவி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்கி ஆறு நிமிஷம். திருப்பிப் போட்டு இன்னும் ஐந்து அல்லது ஆறு நிமிஷம். நிறம் எண்ணெய்ச் சோமாசி மாதிரி ஒரே சீராகச் சிவக்காது, அங்கங்கே பிஸ்கட் நிறம் வரும். எடுத்தவுடன் தொட்டால் மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு. நன்றாக ஆறியபின் எவர்சில்வர் டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு நாள் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

சிலர் கூடையில் வெண்ணெய்த்தாள் விரிக்கிறார்கள். பண்டத்தை மேலே வைக்காமல் வெறும் தாளை மட்டும் போட்டு மிஷினைக் காய விடாதீர்கள். விசிறிக் காற்றில் தாள் எழும்பிப் போய்க் கம்பிச்சுருளில் பட்டுத் தீப்பிடிக்கும். இன்னொன்று, இந்த மிஷின்கள் பெரும்பாலும் 1400, 1500 வாட். நம் வீட்டுச் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர்தான். 1500 வாட்டுக்கு ஆறரை ஆம்பியர் வரை இழுக்கும். பெரிய பாயின்டில் மட்டும் போடுங்கள், டி.வி. ஓடுகிற நீட்டு ஒயர் பெட்டியில் வேண்டாம். கரண்டு பில்லுக்கு ரொம்பப் பயப்பட வேண்டியதில்லை. கால் மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் அரை யூனிட் ஆகாது.

இனி, விளம்பரக்காரர்கள் சொல்கிற 'எண்ணெய் இல்லை, ஆரோக்கியம்' என்கிற பேச்சுக்கு வருகிறேன். வறுவலுக்கு, அப்பளத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். இனிப்புப் பண்டத்துக்கு எப்படிப் பொருந்தும்? மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். பதினைந்து சோமாசிக்கு 75 கிராம் சர்க்கரை. ஒன்றுக்கு ஐந்து கிராம். கடாயில் போட்டாலும் ஐந்து, காற்றில் போட்டாலும் அதே ஐந்து! மைதாவும் அப்படியே. நெய் வேறு கூடுதல்.

எங்கள் வீட்டுக்காரருக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ஜாக்கிரதையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதிலிருந்து கடைப் பலகாரத்தை அவராகவே விட்டார். மிஷின் வந்த பிறகு என்ன ஆச்சு தெரியுமா? "இதுல எண்ணெய் இல்லையே" என்று சொல்லிக்கொண்டே ஒரே உட்காரலில் ஐந்து சோமாசி! 25 கிராம் சர்க்கரை. மொத்த உணவின் சக்தியில் பத்து சதவீதத்துக்குள் சர்க்கரை இருக்கணும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஐந்து சதவீதம் என்றால் பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம்தான். ஆக, ஒரு நாள் கணக்கு டீ வருவதற்கு முன்னாலேயே தீர்ந்தது. நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பத்து கோடிக்கு மேல் இருப்பார்கள் என்று 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கூட்டத்தில் இவரையும் சேர்த்துவிட ஒரு மிஷினை நான் அடுப்பங்கரையில் வைத்திருக்கணுமா? இப்போது டப்பாவிலிருந்து ஆளுக்கு இரண்டு என்று எண்ணித்தான் தட்டில் வைக்கிறேன். முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.

எண்ணெய் மிச்சம் என்பது நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லாபம் பண்டத்தில் இல்லை, சட்டியின் அடியில் இருக்கிறது. ஒரு ஈடு சோமாசிக்காக அரை லிட்டர் எண்ணெய் காய வைக்கிறோம். மிஞ்சுகிற எண்ணெயை என்ன செய்கிறோம்? மூடி வைத்து மறுநாள் குழம்புத் தாளிப்பு, அதற்கு மறுநாள் வடை, அப்புறம் தோசைக்கல்... பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன கூட்டுப்பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து கடைகளுக்குச் சட்டம் போட்டிருக்கிறது. அளந்து பார்க்கக் கருவியும் உண்டு. நம் வீட்டுக் கிண்ணத்தை யார் அளக்கிறார்கள்? நிறம் கறுத்து, நுரை கட்டி, பிசுக்கென்று இருந்தால் விலையைப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவது ஒன்றுதான் வழி. அந்தத் தொல்லை சோமாசிக்கு இப்போது எனக்கு இல்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது எண்ணெய்க்காக அல்ல, சகோதரிகளே!

எங்கள் அம்மாவின் வலது முழங்கையில் இன்னமும் ஒரு தழும்பு உண்டு. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், இரவு பதினோரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் சோமாசியைத் தள்ளும்போது எண்ணெய் தெறித்தது. நாங்கள் எல்லோரும் தூங்கிவிட்டோம். காலையில் டப்பா நிறையப் பலகாரம் இருந்தது, அம்மா கையில் துணி கட்டியிருந்தாள். எண்ணெய்ச் சட்டி வைத்தால் ஒரு நொடி அந்தண்டை இந்தண்டை நகர முடியாது. வெளியே கூப்பிட்டால் போக முடியாது, குழந்தை அழுதால் தூக்க முடியாது. இந்த மிஷின் செய்கிற ஒரே பெரிய உபகாரம், அந்த நிற்பதிலிருந்து விடுதலை. உள்ளே வைத்துவிட்டு உட்காரலாம். மணி அடித்தால் எழுந்திருக்கலாம். பன்னிரண்டு நிமிஷம்! நாள் பூராவும் நிற்கிறவளுக்கு அது எவ்வளவு என்று நிற்கிறவளுக்குத்தான் தெரியும்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷம் எனக்குக் கிடைத்ததா என்று கேளுங்கள். முதல் மாதம் கிடைத்தது. அப்புறம், "மிஷின்தான் இருக்கே, ரெண்டு சோமாசி போடேன்" என்று ஆரம்பித்தார்கள். பையன் டியூஷன் முடிந்து வந்தால் சோமாசி. வீட்டுக்காரரின் சிநேகிதர் வந்தால் சோமாசி. மாலை நாலு மணிக்குச் சும்மா இருந்த வீட்டில் பலகாரம் தினப்படியாகிவிட்டது. முன்னே வருஷத்துக்கு ஒரு தீபாவளி, ஒரு கல்யாண வீடு என்று இருந்த வேலை வாரத்துக்கு மூன்று தரம்! "நீயா செய்யுற? மிஷின்ல செய்யுது" என்று ஒரு பேச்சு வேறு.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மாவு பிசைவது, பூரணம் அரைப்பது, தேய்ப்பது, மடித்து மூடுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிஷம். எங்கள் கூடையில் எட்டுதான் கொள்ளும் என்பதால் பதினைந்துக்கு இரண்டு ஈடு, மிஷின் ஓடுவது இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்துக்குத்தான் மிஷினுக்குப் பேர். ஐம்பதுக்குப் பேரே கிடையாது. கிரைண்டர் வந்தபோதும் இப்படித்தான் ஆச்சு என்று அத்தை சொல்வாங்க. ஆட்டுக்கல் காலத்தில் இட்லி என்பது நல்ல நாளுக்குத்தான். கிரைண்டர் வந்ததும் தினம் இட்லி, தினம் மாவு. கை வலி போச்சு, வேலை போகலை.

அதனால் போன தை மாதம் ஒரு முடிவு எடுத்தேன். சண்டை ஒன்றும் போடவில்லை. அளவையும் டிகிரியையும் நிமிஷத்தையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். "எண்ணெய் கிடையாது, தெறிக்காது, கை சுடாது. திங்கணும்னு தோணுறவங்க செஞ்சுக்கலாம். பூரணப் பொடி மட்டும் டப்பாவில் நான் அரைச்சு வைப்பேன்" என்றேன். எண்ணெய்ச் சட்டி பக்கம் எட்டாம் வகுப்புப் பையனை விட எந்தத் தாய்க்கும் மனசு வராது. இதில் விடலாம். கூடையை வெளியே இழுக்கும்போது துணி பிடிக்கணும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.

அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஏம்மா, ஆம்பளப் பிள்ளையப் போயி மாவு தேய்க்க விடுறியே?" என்றாங்க.

"கடையில பரோட்டா மாஸ்டர் யாரு அத்தை, பொம்பளையா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவங்களே பையன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஓரத்தை இப்படி இல்லடா, கயிறு திரிக்கிற மாதிரி மடக்கு" என்று கையைப் பிடித்துக் காட்டினாங்க. அந்தக் கயிறு மடிப்பு எனக்கே முழுசாக வராது. பையனுக்கு இப்போ வருகிறது! வீட்டுக்காரர் மடிக்கிற சோமாசி மட்டும் இன்னும் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆள் மாதிரிதான் இருக்கிறது. இருந்தாலும் தானே தேய்த்து மடித்தால் ஐந்து தின்கிற ஆசை இரண்டோடு நின்றுபோகிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாரத்துக்கு மூன்று தரம் என்பதும் தானாகவே ஒரு தரமாகிவிட்டது.

'பிள்ளைகளுக்கு நம் கையால் செய்து போடுவது ஒரு சந்தோஷம்தானே, அதையும் கணக்குப் பார்க்கணுமா' என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். சந்தோஷம்தான். நான் விரும்பிச் செய்கிற நாளில் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். கேட்டவுடன் வரணும், அதுவும் மிஷின் செய்ததாகப் பேர் ஆகணும் என்றால் அங்கே எனக்கு என்ன சந்தோஷம்?

தீபாவளிக்கு மட்டும் எங்கள் வீட்டில் கடாய்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நூறு சோமாசி போடணும் என்றால் எட்டு எட்டாகப் பதிமூன்று ஈடு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மிஷின் ஓடணும். கடாயில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதோடு நல்ல நாளில் எண்ணெய்ச் சட்டி வைத்தே ஆகணும் என்பது அத்தையின் கட்டளை. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும்தான் பலகாரம் கொண்டு வந்து கொடுப்பார்கள். அத்தை ஒரு நாள் மிஷினையே உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல எண்ணெயும் இல்ல, சட்டியும் இல்ல. அப்ப துக்க வீட்டுல இதுல போடலாமா, கூடாதா?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த பெரியவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

வரும் தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் கடாயில், சோமாசி மட்டும் மிஷினில், அதுவும் ஐம்பதோடு சரி என்று அத்தையும் நானும் பேசி வைத்திருக்கிறோம். தேய்க்க வேண்டியது பையன். மாவு பிசைய வேண்டியது யார் என்று வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.

- ஒரு வாசகி, விருதுநகர்.